எஞ்சின் சுருதி

1978 ஒக்டோபர் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததிலிருந்து ரெக்கோட்தான். பெண்சாதி டோரீன் தேயிலைப் பெட்டி அறை வாசலில் நின்று சோற்றுக்கு இரண்டு தரம் கூப்பிட்டாளாம். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். பாட்டு அப்போது ஓடவே இல்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை, நல்ல காலம்.

மாமனார் பத்திநாதன் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருடம், துரை சீமைக்குக் கிளம்பிய அவசரத்தில் ரெக்கோட் பிளேயரையும் மூன்று இசைத்தட்டுகளையும் அவரிடம் விட்டுவிட்டுப் போனார். உறைகளைக் கரையான் தின்றது. நடுவில் ஒட்டியிருந்த தாளும் ஈரத்தில் ஊறி எழுத்து அழிந்துவிட்டது. ஆகவே அந்தக் குழுவின் பெயரே எங்களுக்குத் தெரியாது. பாட்டுகளுக்கு நாங்களே பெயர் வைத்தோம். பாதி நான் வைத்தது, பாதி மச்சான் றோலண்ட் வைத்தது. டோரீனின் தம்பி. எதற்கெடுத்தாலும் பெயர் வைப்பான்.

எனக்குப் பிடித்தது 'சாமான் கோச்சி'. பேஸ் கிட்டார் நாலு சுரம் ஏறும், ஒன்று இறங்கும், மறுபடி நாலு ஏறும். ஹட்டன் ஏற்றத்தில் சாமான் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு வருவதேதான். மேலே மற்றக் கிட்டார்க்காரன் என்ன கூத்தடித்தாலும் இவன் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்தது 'அசையாதவன்'. அதில் பேஸ் ஒரே சுரத்தில் நிற்கும். மற்ற எல்லோரும் இடம் மாறுவார்கள். ஆனால் கேட்கிறவனுக்கு, நின்றவன்தான் நகர்கிறான் என்று தோன்றும். எப்படி? யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

'நொண்டி'யைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும். அதற்குத் தெளிந்த மனம் வேண்டும்.

ஒக்டோபர் 15, ஞாயிறு

எங்கள் குழுவில் மூன்று பேர். றோலண்ட் லீட் கிட்டார், பாட்டும் அவனே. முத்துலிங்கம் ட்ரம்ஸ். பேஸ் நான். லீட் வாசிக்கிறவனைப் பெண்கள் பார்ப்பார்கள். ட்ரம்ஸ் அடிக்கிறவனைப் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். பேஸ் வாசிக்கிறவனை அவன் பெண்சாதி பார்ப்பாள், அவளும் பாதியில் தூங்கிவிடுவாள்.

மூன்று பேருக்கும் வேலை தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்கும் இடத்தில். ஸ்டோருக்குப் பின்னால் தேயிலைப் பெட்டி அடுக்கும் அறையில் பழகிக்கொள்ள, ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் டீமேக்கர் விட்டிருக்கிறார். சுருதி சேர்க்க எங்களிடம் ஒரு கருவியும் கிடையாது, தேவையும் இல்லை. ஸ்டோர் எஞ்சின் இருக்கிறது. அது ஓடும்போது வரும் இரைச்சலின் அடியில் ஒரே ஒரு சுரம் நிற்கும், கூடாது, குறையாது. என் தடித்த தந்தியை அதற்குச் சேர்த்துவிட்டால் மற்றத் தந்திகள் தானாக வந்து உட்கார்ந்துவிடும். நோர்வூட் கல்யாணத்தில் ஓர்கன் வாசிக்க வந்தவன் நாங்கள் அரைச் சுரம் தள்ளி நிற்கிறோம் என்று முகத்தைச் சுளித்தான். 'எங்க எஞ்சின் சரிதான், உங்க ஓர்கனத்தான் திருத்தணும்' என்றான் றோலண்ட்.

நவம்பர் 19, ஞாயிறு

இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர் அறையில் பெல்ட் போடுவது என் வேலை. மேலே ஓடும் தண்டிலிருந்து ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு பெல்ட் இறங்குகிறது. இரும்புத் தூணோரம் நின்று நெம்புகோலைத் தள்ளினால் பெல்ட் ஏறும், ரோலர் சுற்றும். இழுத்தால் நிற்கும். என் ரோலருக்குக் கொழுந்து போடுகிறவன் றோலண்ட். அந்த இரைச்சலில் பேச முடியாது. அதனால் அவன் கழுத்தில் ஒரு தகர விசில். ஒன்று ஊதினால் போடு. இரண்டு ஊதினால் நிறுத்து.

வெள்ளிக்கிழமை அவன் ஊதிக்கொண்டே நின்றிருக்கிறான். நான் பேசாமல் நின்றிருக்கிறேன். கன்னம் உப்புவதைப் பார்த்துத்தான் புரிந்தது. விசில் உடைந்துவிட்டதா என்று கேட்டேன். வாங்கி நானே ஊதிப் பார்த்தேன். காற்றுத்தான் போனது.

பக்கத்தில் நின்றவன் காதைப் பொத்திக்கொண்டான்.

நவம்பர் 26, ஞாயிறு

பேஸ் மட்டும் நன்றாகக் கேட்கிறது. முன்னைவிட நன்றாகவே கேட்கிறது என்று சொல்வேன். ரெக்கோட்டில் இப்போது பாடுகிறவன் தூரத்தில் போர்வைக்குள் இருந்து பாடுகிறான். சிம்பல் சத்தம் அடியோடு இல்லை. பேஸ் ஒருத்தன்தான் என் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறான். எத்தனையோ வருடமாக இவனைத்தானே தனியாகக் கேட்க ஆசைப்பட்டேன். கேள், நன்றாகக் கேள்.

மகள் ஜெசிந்தாவுக்கு மூன்று வயது. கதைகதையாகச் சொல்கிறாள். வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு 'ஆமா, ஆமா' என்கிறேன்.

டிசெம்பர் 3, ஞாயிறு

நுவரெலியா ஹோட்டல் ஒன்றிலிருந்து ஆள் வந்து கல்யாண வீட்டில் எங்கள் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் போனார். ஏப்ரல் சீசன் முழுவதும் அங்கே வாசிக்க ஆட்கள் வேண்டுமாம். பெப்ரவரியில் இன்னொரு தடவை கேட்டுவிட்டு முடிவு சொல்வார்.

றோலண்ட் இன்றைக்கே நுவரெலியாவில் குடியிருக்கிறான். 'அங்க வாசிச்சா கொழும்புல இருந்து கூப்புடுவாங்க மச்சான். அப்புறம் நமக்கு எதுக்கு இந்த ரோலரு?' என்கிறான்.

எனக்கும் அதுதான் கணக்கு. ஸ்டோர் இரைச்சலை விட்டு வெளியே வந்துவிட்டால் காது தேறிவிடும். ஏப்ரல்வரை தாங்கினால் போதும். அதற்குள் யாருக்கும் தெரியக் கூடாது. செவிட்டு ஆளை டீமேக்கர் ஒரு நாளும் பெல்ட்டில் வைத்திருக்கமாட்டார், மலையில் செடி வேலைக்கு அனுப்பிவிடுவார். செவிட்டு ஆளை எந்த ஹோட்டலில் மேடையேற்றுவார்கள்?

டிசெம்பர் 25, திங்கள்

காலைப் பூசையில் மணி அடித்தபோது கோயிலே தலை குனிந்தது. நான் ஒருவன் மட்டும் நிமிர்ந்து நின்றேன். டோரீன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்ததும், 'அப்பிடி என்ன யோசன, ஆண்டவர் முன்னால?' என்று கேட்டாள். நொண்டியை யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அதுவும் பொய் இல்லை.

நொண்டி: எட்டு அடிக்கு ஒரு சுற்று. பேஸ் ஏழு அடிக்கு வாசிக்கிறது. எட்டாவதை விட்டுவிடுகிறது. அங்கே யாருமே வாசிப்பதில்லை, ட்ரம்ஸ்கூட இல்லை. கால் இறங்கும், தரை இருக்காது. அடுத்த சுற்று வந்து தாங்கிக்கொள்ளும். எத்தனை தடவை கேட்டாலும் அந்த எட்டாவதுக்கு என் கை துடிக்கும். வாசிக்கும்போது நான் பழக வேண்டியதே கையை அங்கே அடக்கி வைக்கத்தான். மற்றதெல்லாம் குழந்தைகூட வாசிக்கும். எல்லாப் பேஸ் வாசிப்பிலும் இதுதான் பெரியது என்று இயேசு பிறந்த நாளில் எழுதி வைக்கிறேன்.

1979 ஜனவரி 14, ஞாயிறு

றோலண்டுக்குத் தெரிந்துவிட்டது.

பெட்டி அறையில் தந்தி சேர்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் கிட்டாரின் தலையைத் தாடையில் ஒட்டிக்கொண்டுதான் சேர்க்கிறேன். எலும்பு வழியாக வந்துவிடும். எஞ்சின் சுரத்தில் தந்தி போய் ஒட்டியதும் அவனைப் பார்த்துத் தலையாட்டினேன். அவன் தன் தந்தியைத் தட்டிப் பார்த்தான். சரியாக இருந்தது. ஆனாலும் அவன் முகம் சரியாக இல்லை. கிட்ட வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னான்.

'மச்சான், எஞ்சின் இன்னிக்கு ஓடவே இல்லீங்க. இன்னிக்கு பொங்கல்.'

எனக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இதோ, எழுதும்போதும் ஓடுகிறது.

ஜனவரி 16, செவ்வாய்

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று றோலண்ட் சத்தியம் செய்திருக்கிறான். அக்காவிடமும் இல்லை. டிக்கோயாவுக்குப் போய் டொக்டரிடம் காட்டுங்கள் என்றான். சீசன் முடியட்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றான். அவனுக்கும் நுவரெலியா வேண்டும்.

ஸ்டோரில் இனி விசில் இல்லை, சும்மா வாயில் வைத்துக்கொள்வான். அதற்குப் பதிலாகத் தூணின் அடியில் இரும்புக் கம்பியால் தட்டுவான். நான் உள்ளங்கையைத் தூணில் வைத்திருப்பேன். ஒரு தட்டு, போடு. இரண்டு தட்டு, நிறுத்து. இன்று பார்த்தோம். விசிலைவிட நன்றாக இருக்கிறது. 'பேஸ்காரனுக்குப் பேஸ்லதான் சொல்லணும்' என்று சிரித்தான்.

ரோலரைத் தூக்கிப்போட்டு உடைக்கலாம் என்கிற அளவுக்கு எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

பெப்ரவரி 18, ஞாயிறு

ஹோட்டல்காரர் கேட்டார். நொண்டியையும் சாமான் கோச்சியையும் வாசித்தோம், பிறகு ஆட்டத்துக்கு இரண்டு பைலா. றோலண்ட் மேடையில் என் பக்கத்திலேயே நின்று பலகையைக் காலால் மிதித்து எனக்குத் தாளம் சொன்னான். ஒரு இடத்திலும் நான் தவறவில்லை.

எடுத்துக்கொண்டார். ஏப்ரல் முழுவதும்.

டோரீன் அழுதாள். ஜெசிந்தா அம்மா அழுவதைப் பார்த்து அழுதது. நான் சந்தோஷத்தில் வெளியே போய் மழையில் நின்றேன்.

மார்ச் 20, செவ்வாய்

றோலண்டின் கை.

மார்ச் 22, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு எங்கே சொல்ல?

செவ்வாய் காலை. கொழுந்து ஈரம் கூடி ரோலரின் அடியில் அடைத்துக்கொண்டது. றோலண்ட் இரண்டு தட்டினான். நிறுத்தினேன். அவன் குனிந்து கையை உள்ளே விட்டு அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தான். நான் தூணில் கையை வைத்துக்கொண்டு, ரோலருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். தலைக்குள் நொண்டி. ஏழு. எட்டாவது விட்ட இடம்.

அந்த விட்ட இடத்தில் ஒரு தட்டு வந்தது.

சரியாக அங்கே. ஒரே ஒரு தட்டு. கை தானாகப் போய்விட்டது. பெல்ட்டைப் போட்டுவிட்டேன்.

அது றோலண்ட் தட்டவில்லை. முத்துலிங்கம் கொழுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் தூணில் இடித்துவிட்டான். அவ்வளவுதான். தினமும் இடிக்கிற வண்டி. ஏன் யோசிக்கல நானு? நாங்க ரெண்டு பேருமே ஏன் அத யோசிக்கல?

அவன் கத்தியிருப்பான். ஸ்டோரே ஓடி வந்ததாம், மாடியில் கொழுந்து வாட்டுகிறவர்களுக்குக்கூடக் கேட்டதாம். நாலு முழத் தூரத்தில் நின்ற எனக்குக் கேட்கல. முத்துலிங்கம் என்னைத் தள்ளிவிட்டு நெம்புகோலை இழுத்தான். அப்புறம்தான் திரும்பினேன்.

இடது கை. மூன்று விரல் போய்விட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன. தந்தியை அமுக்குகிற கை அது. ஆண்டவரே, அந்தக் கைதானா?

மார்ச் 26, திங்கள்

டீமேக்கரும் தோட்டத்துச் சின்னத்துரையும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் றோலண்டை விசாரித்தார்கள். கட்டிலோரம் நானும் நின்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். அவர்கள் போன பிறகு எனக்காக வாயைத் திறந்து திறந்து திரும்பச் சொன்னான்.

'கைய எடுக்கிறதுக்கு முன்னயே விசில ஊதிட்டேன். என் அவசரம். பெல்ட்டுக்காரர் மேல ஒண்ணும் இல்லன்னுட்டேன்.'

'ஏன்டா?' என்றேன்.

'போனது போயிடுச்சு. நீங்களாச்சும் வேலையில இருங்க. அக்கா இருக்கு, புள்ள இருக்கு.'

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்தேன்? தலையாட்டினேன்.

மார்ச் 31, சனி

முத்துலிங்கம் நுவரெலியாவுக்குப் போய் நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். வண்டி தூணில் இடித்ததை அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பாரம் அவனுக்கு வேண்டாம்.

மூன்று நாளாக மறுபடி பெல்ட்டில் நிற்கிறேன். றோலண்டின் இடத்தில் ஆண்டியப்பன் மகன், புதுப் பையன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறான். கன்னம் உப்பினால் போடுகிறேன். கண்ணை எடுக்க முடியவில்லை. அவன் கை உள்ளே போகும்போதெல்லாம் எனக்கு வேர்க்கிறது.

ஏப்ரல் 2, திங்கள்

டீமேக்கரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காது, தூண், தட்டு, பெல்ட், எல்லாம். அவர் கத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார், அதனால் தெரியவில்லை.

ஏப்ரல் 5, வியாழன்

என்னைத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போட்டிருக்கிறார்கள். கத்தியோடு மலைக்கு. விசிலை விட்டுவிட்டுத் தூணில் தட்டியதற்காக றோலண்டையும் ஸ்டோரில் வேண்டாம் என்றுவிட்டார்கள். கை ஆறியதும் இரவுக் காவல் வேலை தருவார்களாம். பொய் சொன்னவனும் போனான், நிஜம் சொன்னவனும் போனான்.

டோரீனிடம் நானே சொன்னேன்.  அவள் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, எனக்குப் புரியும்படி சொன்னாள்.

'எங் கூடப் பொறந்தவன் கைய எடுத்துட்டீங்களே. காது கேக்கலன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா என்ன? நான் என்ன ரோட்டுல போறவளா?'

 

ஏப்ரல் 13, பெரிய வெள்ளி

றோலண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறான். பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். விற்றுவிட்டு எதையாவது வாங்கிக்கொள், அல்லது அடுப்பில் வை என்று கொடுக்கத்தான். கதவைப் பாதி திறந்து நின்றான். கட்டுப் போட்ட கை நெஞ்சில் இருந்தது.

'எனக்குன்னு மிஞ்சினது நான் சொன்ன ஒரு பொய்யிதான். அதையும் வீணாக்கிட்டீங்களே மச்சான்' என்றான்.

கதவைச் சாத்திக்கொண்டான். கிட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்து சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன்.

ஜூலை 15, ஞாயிறு

கவ்வாத்து. மழை. கத்தி செடியில் படுவது தோளில் தெரிகிறது.

முத்துலிங்கம் ஹட்டனில் வேறு குழுவில் சேர்ந்துவிட்டான்.

செப்டெம்பர் 23, ஞாயிறு

டிக்கோயாவுக்குப் போய்க் காட்டினேன். டோரீன்தான் இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் பேசியதை அவள் எனக்குச் சொன்னாள். போனது திரும்பாது, மிச்சமும் மெல்லப் போகும். வரும் வழியில் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

ஸ்டோரைவிட்டு வந்தால் தேறிவிடும் என்று எவன் சொன்னான் எனக்கு? எவனும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டதுதான்.

நவம்பர் 11, ஞாயிறு

பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். துண்டு துண்டாக லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இனி கரண்ட் மோட்டர். மலையில் நின்று பார்த்தேன். ஸ்டோரில் எஞ்சின் இருந்த இடம் வெறும் சீமெந்து மேடை. என் காதில் அது விடாமல் ஓடுகிறது, அதே சுரத்தில். லொறியில் போனது எது?

றோலண்ட் இரவுக் காவலுக்குப் போகிறான். வழியில் கண்டால் தலையாட்டுகிறான். பேசுவதில்லை.

1980 ஜனவரி 20, ஞாயிறு

பெட்டி அறைக்குப் போய் அசையாதவனைப் போட்டேன். பிளேயரின் மரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். பேஸ் வருகிறது. காதுக்கு வருவதில்லை. ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

பெப்ரவரி 10, ஞாயிறு

மத்தியானம் றோலண்ட் வந்தான். பத்து மாதத்துக்குப் பிறகு எங்கள் வாசலில். டோரீன் தேத்தண்ணி வைக்க எழுந்தாள், எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

'பேஸ் இருக்கா?' என்று கேட்டான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தேன். மடியில் வைத்து அதைத் தலைகீழாகத் திருப்பினான். விரல் இல்லாத இடது கை தந்தியை மீட்டும் பக்கம், வலது கை அமுக்கும் பக்கம். கட்டை விரலைத் தந்தியில் போட்டுப் பார்த்தான். அது போதும்.

'தந்தியெல்லாம் எடம் மாத்திக் கட்டணும். எனக்கு ஒத்தக் கையில வராது.'

நான் அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கட்டி முடித்ததும் ஸ்டோர் இருக்கும் பக்கம் திரும்பினான்.

'சுருதிக்கு எங்க போறது? மோட்டரு வேற மாதிரி கத்துது.'

கிட்டாரின் தலையைத் தாடையில் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடினேன். தடித்த தந்தியைத் தட்டி முறுக்கினேன். காதுக்குள் ஓடுகிற எஞ்சினோடு போய்ச் சேரும்வரை முறுக்கினேன். இரண்டும் ஒன்றானதும் கையை எடுத்தேன்.

அவன் கட்டை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கேட்டான். மறுபடி தட்டினான். அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'அதேதான்' என்றான். 'நம்ம எஞ்சினேதான்.' முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.  

பிறகு என் கையை இழுத்துக் கிட்டாரின் மரத்தின் மேல் வைத்தான். வாசிக்க ஆரம்பித்தான். வலது கை இன்னும் பழகவில்லை, தடுமாறுகிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, உள்ளங்கையில் மட்டும் வந்தது. ஆறாவது அடியில் தெரிந்துவிட்டது, நொண்டி.

ஏழு. விட்ட இடம் வந்ததும் அவன் நிமிர்ந்து என் கையைப் பார்த்தான். நான் அசைக்கவில்லை. அடுத்த சுற்றை ஆரம்பித்தான்.